என்ஜினின் மூச்சை அளக்கும் உணரி

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? ஏறத்தாழ 14.7 கிலோகிராம். காற்று இதைவிடக் குறைந்தால், எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறி வீணாகும். என்ஜின் முழுப் பளுவோடு ஓடும்போது காற்று கூடினாலோ வெப்பம் எல்லை மீறும், பிஸ்டன்கூட உருகிவிடலாம். ஆகவே, கலவையைச் சரியாக அளப்பது என்ஜினின் உயிரைக் காக்கும் வேலை.

புகையில் எஞ்சியிருக்கும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை அளந்தால் கலவையின் நிலை தெரிந்துவிடும். அதற்காகப் புகைக்குழாயில் ஓர் உணரி பொருத்தப்படுகிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் தயாரித்த இத்தகைய உணரி, 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

இரண்டு வகை உணரிகள்

சாதாரண உணரியில் சிர்கோனியா என்ற பீங்கான் பொருள் உள்ளது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அது சுமார் 0.9 வோல்ட் தரும். காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட் தரும். இடைப்பட்ட அளவுகளை அது தெளிவாகக் காட்டாது. பெட்ரோல் கூடுதலா, குறைவா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. அன்றாட ஓட்டத்திற்கு இது போதும். ஆனால், முழுத் திறனை எதிர்பார்த்து 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில் என்ஜினை டியூன் செய்பவருக்கு இது போதாது.

அவருக்கு உதவுவது அகலப்பட்டை உணரி. அதனுள் ஒரு சிறு அறை இருக்கிறது. அறைக்குள் உயிர்வளி மிகுந்தால் மின்னோட்டம் அதை வெளியே தள்ளும்; குறைந்தால் உள்ளே இழுக்கும். அறையின் நிலை எப்போதும் 0.45 வோல்ட்டில் இருக்கும்படி இந்த வேலை நடக்கிறது. மின்னோட்டம் எந்தத் திசையில், எவ்வளவு பாய்ந்தது என்பதே கலவையின் விகிதத்தைச் சொல்லிவிடும்.

இதற்கென உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மின்னோட்டத்தை 0 முதல் 5 வோல்ட் வரையிலான சிக்னலாக மாற்றி, டியூனிங் கருவிக்கு அனுப்புகிறது. 0 வோல்ட் என்றால் விகிதம் 10, 5 வோல்ட் என்றால் 20 என வைத்துக்கொள்வோம். அப்படியானால், 1.5 வோல்ட் என்பது 13ஐக் குறிக்கும்.

எர்த் வயரில் ஒளிந்திருக்கும் பிழை

உணரி வேலை செய்ய 700 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக வேண்டும். அதனுள் இருக்கும் வெப்பமூட்டி, தொடக்கத்தில் 2 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கலாம். இந்த மின்னோட்டமும் சிக்னலும் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும்?

பள்ளியில் படித்த ஓம் விதியை நினைவுகூருங்கள். வயரின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்றாலும், 2 × 0.05 = 0.1 வோல்ட். கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். டியூனிங் கருவி 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.6 வோல்ட்டைப் படிக்கும்; 13 என்பது 13.2 ஆகத் தெரியும். கலவை சரியாக இருந்தும் கருவி பெட்ரோலைக் கூட்டிவிடும்.

இதற்கு நேர்மாறாக, டியூனிங் கருவியின் எர்த் 0.1 வோல்ட் உயர்ந்தால் ஆபத்து அதிகம். அப்போது 13 என்பது 12.8 ஆகத் தெரியும். பெட்ரோல் மிகுந்துவிட்டது என எண்ணி, கருவி அதைக் குறைக்கும். முழுப் பளுவில் ஓடும் என்ஜின் இதனால் சூடேறும். உணரியில் குறையே இல்லை, குறை வயரில்தான்!

ஆகவே, வெப்பமூட்டியின் எர்த்தைத் தடித்த வயர் மூலம் நேராக என்ஜினின் உலோக உடலோடு இணைக்க வேண்டும். சிக்னலின் எர்த்தைத் தனி வயரில் டியூனிங் கருவியின் எர்த் முனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போஷ் எல்எஸ்யூ 4.9 போன்ற உணரிகளின் இணைப்பியை வெட்டவும் கூடாது. ஒவ்வோர் உணரிக்கும் ஏற்ப அளவிட்ட மின்தடை அதற்குள்தான் இருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்

மாணவர்களே, மேற்கண்ட எர்த் வயருக்குப் பதிலாக, அதே நீளமும் இரு மடங்கு குறுக்குவெட்டுப் பரப்பும் கொண்ட செம்பு வயரைப் பொருத்தினால் கருவி எந்த விகிதத்தைக் காட்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை: 13.1. வயரைத் தடிப்பாக்கினால் பிழை பாதியாகிறது, ஆனால் மறைவதில்லை. தனி வயர் ஏன் தேவை என்பது இப்போது புரிகிறதல்லவா?