கணிப்பொறியின் பூட்டு

வீட்டுக் கதவைப் பூட்டுவது களவைத் தடுப்பதற்காக. ஆயின், கள்வரே இல்லாத இடத்திலும் ஒரு பூட்டு வேண்டப்படுகிறது. அதுவே கணிப்பொறியினுள் அமையும் பூட்டாகும். அதன் இன்றியமையாமையைத் தொடர்வண்டிப் பயணச்சீட்டைக் கொண்டு எளிதில் உணரலாம்.

புதுக்கோட்டை வழியாகச் சென்னை செல்லும் இரவு வண்டியில் ஒரே ஒரு படுக்கை எஞ்சியுள்ளது எனக் கொள்க. கறம்பக்குடியில் ஒருவர், மருத்துவத்திற்காகச் சென்னை செல்லவேண்டிய தம் தாயாருக்கு அவ்விடத்தைக் கைப்பேசி வழியே கேட்கிறார். அதே நொடியில் இராமநாதபுரம் நிலையத்தின் சீட்டுச் சாளரத்தில் வேறொருவரும் அதனைக் கேட்கிறார். கணிப்பொறி பல வேலைகளை ஒருங்கே செய்ய வல்லது. அவ்வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி இழையாக ஓடும். முதல் இழை, “இடம் உண்டா?” எனப் பார்க்கிறது; ஒன்று உண்டு. அஃது எழுதி முடிக்குமுன் இரண்டாம் இழையும் பார்க்கிறது. அதற்கும் ஒன்று உண்டு. இரண்டும் சீட்டை வழங்கிவிடுகின்றன. ஒரு படுக்கைக்கு இருவர் உரியவராயினர்! இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையே கடந்த சிறுபொழுதே பிழைக்குக் காரணம்.

இப்பிழையைப் பூட்டு நீக்குகிறது. பூட்டைப் பெற்ற இழை மட்டுமே கணக்கைப் பார்த்து எழுதலாம். அது பூட்டை விடும்வரை மற்றது காத்திருக்கும். பின்னர் வந்து பார்க்கையில் இடமில்லை என்னும் உண்மையை அறியும். பார்த்தலும் எழுதுதலும் இவ்வாறு பிரிக்க இயலாத ஒரே செயலாகின்றன.

இந்திய இருப்புப்பாதையில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985ஆம் ஆண்டு புது தில்லியில் தொடங்கியது. 1999ஆம் ஆண்டுக்குள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு இணையம் வழியும் சீட்டுப் பெறும் வசதி வந்தது. கேட்கும் வாயில்கள் பெருகப் பெருக, பூட்டின் தேவையும் பெருகியது.

இக்கருத்து இருப்புப்பாதைக்குப் புதிதன்று. ஒற்றைப் பாதையில் வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாதிருக்க, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட வழிக்கு உரிமை தரும் இரும்புக் குண்டு ஒன்றை ஓட்டுநரிடம் கொடுக்கும் முறை முன்னரே இருந்தது. ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை, இரு நிலையக் கருவிகளிலிருந்தும் மற்றொன்றை எடுக்க இயலாது. டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, இழைகளை முறைப்படுத்தத் தாம் அமைத்த கருவிக்குத் தொடர்வண்டிக் கைகாட்டியின் பெயரையே இட்டார். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நுழையும் வழியைப் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1965இல் வெளிவந்தது.

பூட்டினாலும் இடர் விளைவதுண்டு. நெல் வணிகர் உரக்கடைக்காரருக்கும், உரக்கடைக்காரர் நெல் வணிகருக்கும் ஒரே நொடியில் வங்கி வழியே பணம் அனுப்புகின்றனர் என்க. ஓர் இழை வணிகர் கணக்கைப் பூட்டிக்கொண்டு, கடைக்காரர் கணக்குக்காகக் காத்திருக்கிறது. மற்றோர் இழை கடைக்காரர் கணக்கைப் பூட்டிக்கொண்டு, வணிகர் கணக்குக்காகக் காத்திருக்கிறது. தன் கையிலுள்ளதை எதுவும் விடாது. ஆதலின் இரண்டும் முடங்கிவிடும். குறுகிய சந்தில் எதிரெதிரே புகுந்த இரு மாட்டுவண்டிகளின் நிலை இதுவே.

இதற்குத் தீர்வு எளியது. எவ்விழையாயினும் சிறிய எண்ணுடைய கணக்கை முதலில் பூட்டவேண்டும் என விதித்தால் போதும். அப்போது இரண்டும் ஒரே பூட்டையே முதலில் நாடும். ஒன்று பெறும், மற்றது வெறுங்கையுடன் நிற்கும். முன்னது தன் பணியை முடித்து இரு பூட்டுகளையும் விட்டபின், பின்னது தடையின்றிச் செல்லும்.

பூட்டை வேண்டிய அளவுக்கு மேல் வைத்திருத்தலும் தவறாகும். ஓரிழை நெடுநேரம் பிடித்திருந்தால், வரிசையில் உள்ளோர் அனைவரும் வாட நேரும். பொதுக்கிணற்றில் நீர் இறைப்பவர் குடம் நிறைந்ததும் விலகி நிற்பது போல, பணி முடிந்ததும் பூட்டை விட்டுவிடுதலே முறை. பலர் கூடிப் பயன்கொள்ளும் பொருள் எதுவாயினும் இந்நெறி அதற்குப் பொருந்தும்.