முட்டை உருட்டினால் சட்டம் பாயும் ஊர் எது, தெரியுமா?

பிள்ளைகள் புல்தரையில் முட்டை உருட்டி விளையாடியதைப் பொறுக்க முடியாமல் ஒரு நாட்டின் நாடாளுமன்றமே கூடிச் சட்டம் போட்டது, தெரியுமா? அந்த நாடு அமெரிக்கா! ஆண்டு 1876!

வாஷிங்டன் நகரத்தில் அப்போது ஈஸ்டர் ஞாயிறு கோயிலுக்கு என்றால், மறுநாள் திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு. சாயம் தோய்த்த அவித்த முட்டைகளைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டு, நாடாளுமன்றம் இருக்கும் கேப்பிட்டல் மேட்டுக்குக் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். சரிவில் முட்டையை உருட்டிவிட வேண்டும். உடையாமல் அதிக தூரம் போகிற முட்டைக்குச் சொந்தக்காரர் கெட்டிக்காரர். முட்டை தீர்ந்துபோனால்? பிள்ளைகளே உருண்டார்கள்! ஒரே நாளில் புல்தரை நாசம். அந்தப் புல்லைக் காப்பாற்றத்தான் சட்டம்: கேப்பிட்டல் வளாகத்தை இனி யாரும் விளையாட்டுத் திடலாக்கக் கூடாது. உள்நாட்டுப் போரில் பெரும் படைகளை நடத்தி வென்ற தளபதி, ஜனாதிபதி கிராண்ட், இதில் கையெழுத்திட்டார். யாருக்கு எதிராக? முட்டைக் கூடை தூக்கி வந்த வாண்டுகளுக்கு எதிராக!

1877 ஈஸ்டர் திங்களன்று மழை கொட்டியதால் சட்டத்துக்கு வேலை வரவில்லை. 1878இல் வெயிலும் வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள், காவலர்களும் வந்தார்கள். துரத்தப்பட்ட கூட்டம் நேரே எங்கே போனது தெரியுமா? வெள்ளை மாளிகைக்கு! ஜனாதிபதி ரூதர்ஃபோர்டு ஹேய்ஸ் வாசலைத் திறந்துவிடச் சொன்னார். அன்று திறந்த வாசல்தான். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிற வெள்ளை மாளிகை முட்டை உருட்டலுக்கு, நாடாளுமன்றத்தில் விழுந்த கழுத்துப்பிடித் தள்ளல்தான் பிள்ளையார் சுழி!

1889இல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் இதற்குப் பாண்டு வாத்தியத்தையும் சேர்த்தார். வாசித்தது மரைன் படையின் இசைக்குழு. நடத்தியவர் அமெரிக்க அணிவகுப்பு இசையின் சக்கரவர்த்தி ஜான் ஃபிலிப் சூசா. முட்டை உருட்டுகிற பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய வித்வான்!

இதைக் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிவராத பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது என்று ஒரு விதி வந்தது. வாஷிங்டன் பொடிசுகள் உடனே கடை விரித்துவிட்டார்கள். வாசலில் நிற்பது, யாரோ ஒரு சுற்றுலாப் பயணியிடம் காசு வாங்கிக்கொண்டு ‘நான் உங்கள் பிள்ளை’ என்று உள்ளே கூட்டிப்போவது, வெளியே வந்து அடுத்த ‘அப்பா’வைப் பிடிப்பது. வாடகைப் பிள்ளை வியாபாரம்! காவலர்கள் இதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் எத்தனை பேர் எத்தனை காசு பார்த்தார்களோ! எனக்கென்னவோ சட்டம் போட்டவர்களைவிட இவர்கள்தான் புத்திசாலிகளாகத் தெரிகிறார்கள்.

1927 ஈஸ்டரில் ஜனாதிபதி கூலிட்ஜின் மனைவி கிரேஸ் அம்மையார் கையில் எதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் நடுவே வந்தார் தெரியுமா? முயலா? இல்லை, ரெபெக்கா என்கிற ரக்கூனை! முந்தைய நவம்பரில் நன்றி நவிலல் நாள் விருந்துக்குக் கறி சமைக்கச் சொல்லி ஒருவர் மிசிசிப்பியிலிருந்து அனுப்பிவைத்த பிராணி அது. ஜனாதிபதி வீட்டில் சட்டிக்குப் போகவில்லை. பட்டை கட்டி, பெயர் வைத்து, செல்லப்பிள்ளையாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போர், அது முடிந்ததும் உணவுச் சிக்கனம், அதுவும் முடிந்ததும் மாளிகையையே பிரித்துப் போட்டுப் பழுதுபார்த்த வேலை. இப்படியே 12 ஆண்டுகள் அந்தப் புல்வெளியில் முட்டை உருளவில்லை. 1953இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் திரும்பத் தொடங்கிவைத்தார். நீளக் கரண்டியால் முட்டையைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற பந்தயம் 1970களில்தான் வந்து சேர்ந்தது. 1981இல் ஜனாதிபதி ரீகன் தம்பதியர் பிரபலங்களின் கையெழுத்துப் போட்ட மர முட்டைகளை ஒளித்துவைத்துத் தேட விட்டார்கள். மர முட்டை உடையாது, நாறாது!

அதெல்லாம் சரி, ஈஸ்டருக்கு ஏன் முட்டை? தவக்காலத்து 40 நாளும் கறியோடு முட்டையும் விலக்கு என்பது ஐரோப்பாவின் பழைய நோன்பு. ஆனால் கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும்! ஈஸ்டர் வரும்போது வீடு முழுக்க முட்டை. அதை அவித்து, சாயம் ஏற்றி, ஊருக்கே கொடுத்தார்கள். ராஜாவும் கொடுத்தார்! இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு அரண்மனைக் கணக்கில், 1290 ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கியதற்கு 18 பென்ஸ் செலவு என்று பதிவாகியிருக்கிறது. பென்னிக்கு 25 முட்டை! அவற்றுக்குச் சாயமும் தங்கத் தகடும் பூசி அரண்மனை ஆட்களுக்கு வழங்கினார்கள்.

ஒளித்துவைத்த முட்டையைத் தேடுகிற விளையாட்டைப் பற்றி ஒரு 13 வயதுச் சிறுமி லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் 1833 ஏப்ரல் 7 அன்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறாள்: அம்மா வண்ணம் தீட்டிய முட்டைகளைத் தேடினார்களாம். அம்மா ஜெர்மனியில் பிறந்தவர், அந்த ஊர் வழக்கத்தை மகளுக்குப் பழக்கியிருக்கிறார். மகள் யார் தெரியுமா? நான்கே ஆண்டில் அரியணை ஏறிய விக்டோரியா மகாராணி!

இன்று பிரிட்டனின் பழைய மாளிகைகளிலும் தோட்டங்களிலும் ஈஸ்டர் விடுமுறையில் கூடையோடு அலையாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. அதிலும் ஒரு கூத்து நடந்தது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பும் கேட்பரி நிறுவனமும் சேர்ந்து நடத்திய முட்டை வேட்டையின் தலைப்பில் 2017இல் ‘ஈஸ்டர்’ என்ற சொல்லைக் காணோம்! பிரதமர் தெரசா மேயே கண்டித்தார். யார்க் பேராயரோ, நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் கேட்பரிக்கே இது அவமதிப்பு என்று கொதித்தார். வேடிக்கை என்னவென்றால், கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் மரபினர். எல்லா நாளும் புனித நாளே என்று நம்புகிறவர்கள். ஈஸ்டரைத் தனியாகக் கொண்டாடாதவர்கள்! அவர்கள் நிறுவனம்தான் 1875இல் சாக்லேட் ஈஸ்டர் முட்டை செய்து விற்றது. கொண்டாடாத பண்டிகையில் கொள்ளை லாபம்.

வடக்கே லங்காஷயரில் பிரெஸ்டன் நகரத்து ஏவன்ஹாம் பூங்காவில் இன்றும் ஈஸ்டர் திங்களன்று குடும்பங்கள் முட்டை உருட்டுகின்றன. அந்தப் பூங்கா வந்த கதை இன்னும் சுவை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்த 1860களில், வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்கவே இதை அமைத்தார்கள். சாயத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் கடைக்குப் போவதில்லை. வெங்காயத் தோலைச் சுற்றி முட்டையை அவித்தால் போதும், பொன்னிறத்தில் சலவைக்கல் போலக் கோலம் விழும்! தின்றபின் ஓட்டை நொறுக்கிவிட வேண்டும் என்பது பாட்டிமார் கட்டளை. இல்லாவிட்டால் சூனியக்காரிகள் அதைப் படகாக்கிக்கொள்வார்களாம்.

முட்டை வேண்டுமானால் முதலில் வாளித் தண்ணீர் வாங்கிக்கொள் என்கிற ஊரும் உண்டு! 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஹங்கேரியின் ஹொல்லோக்கோ கிராமத்தில், ஈஸ்டர் திங்களன்று இளைஞர்கள் கிணற்றில் நீர் இறைத்து, பட்டும் பின்னலுமாக உடுத்தி நிற்கும் பெண்கள் மேல் வாளி வாளியாக வீசுவார்கள். நனைந்த பெண் பதிலுக்கு வண்ண முட்டை தர வேண்டும்! நியாயமா என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.

இத்தாலியின் ஃபிளாரன்ஸில் முட்டையெல்லாம் கிடையாது, நேரடியாக வெடிதான்! ஈஸ்டர் ஞாயிறு காலை, வெள்ளை எருதுகள் இழுத்துவரும் பெரிய மரத்தேர் பேராலயத்தின் முன் நிற்கும். உள்ளே பலிபீடத்திலிருந்து புறா வடிவ ராக்கெட் ஒன்று கம்பியில் சீறி வந்து தேரைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் போகும். பிறகு வாணவேடிக்கை! முதல் சிலுவைப்போரில் எருசலேமின் மதில் ஏறிய பாட்சி குடும்பத்து வீரர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் சிக்கிமுக்கிக் கற்கள்தான் இதற்கு மூலக்கதை. புறா ஒழுங்காகத் திரும்பினால் ஆண்டு நல்ல ஆண்டு என்பது நம்பிக்கை. 1966இல் திரும்பவில்லை என்கிறார்கள். அந்த நவம்பரில்தான் ஆர்னோ ஆறு பெருகி நகரத்தையே மூழ்கடித்தது!

கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் பெரிய சனிக்கிழமை காலை 11 மணிக்கு மணி அடித்ததும், பழைய நகரத்து மாடங்களிலிருந்து தண்ணீர் நிரப்பிய மண்பானைகள் தெருவில் வந்து விழும். பெரிய பானை, சின்னப் பானை, ஆளுயரப் பானை! உடைந்த ஓட்டில் ஒன்றை அதிர்ஷ்டத்துக்கென்று பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கிரேக்கத் திருச்சபையின் நாட்காட்டி வேறு என்பதால் அங்கே ஈஸ்டர் பெரும்பாலும் பிந்தி வரும். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இல் ஒன்றாக விழுந்தன. 2026இல் ஃபிளாரன்ஸுக்கு ஏப்ரல் 5, கோர்ஃபுவுக்கு ஏப்ரல் 12. ஆக ஒரே பயணத்தில் தேர் வெடிப்பதையும் பார்க்கலாம், பானை உடைவதையும் பார்க்கலாம். மாடத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்!