சோக் செய்யும் வேலை

இருசக்கர வண்டியில் 'சோக்' போட்டு உதைத்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின், புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. ஆனால் மரம் அறுக்கும் மெஷினில் சோக் இன்னும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகளைச் சாய்த்தபோது, அடைபட்ட சாலைகளில் வழி திறந்தது அந்த மெஷின்தான். என் தந்தையார் அதைப் பிடித்தே எங்கள் குடும்பத்தை நடத்துகிறார். ஆகவே இதைப்பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென நம்புகிறேன்.

சோக்கைப் போட்டால் பெட்ரோல் திறந்துகொள்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பெட்ரோலைத் தொடுவதே இல்லை. கார்புரேட்டருக்குள் காற்று வரும் வாயை மூடும் சிறு தகடு அது; அவ்வளவே. அச்சொல்லுக்கே மூச்சை அடைத்தல் என்றுதான் பொருள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் ஏறாது. ஓட்டையை விரலால் மூடி உறிஞ்சினால் சரசரவென்று ஏறும். காற்று வழி அடைபட்டதும் எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் துளையின் மேல் விழுகிறது.

கூடுதல் பெட்ரோல் எதற்கு? எரிவது திரவமன்று, ஆவி. 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினிலோ, பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகும். மற்றது ஈரமாக ஒட்டிக்கொள்ளும். நிறையக் கொடுத்தால்தான் தேவையான ஆவி தேறும். சூடேறிய எஞ்சினுக்கு இந்தச் சலுகை வேண்டியதில்லை.

இனி செய்முறை. மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். (கையில் தொங்கவிட்டு இழுப்பதை வீரம் என்பாரும் உளர், என் தந்தையார் அவர்களோடு வேலைக்குப் போவதில்லை.) சோக்கை முழுதாக மூடிக் கயிற்றை இழுத்தால், சில இழுப்புகளில் எஞ்சின் ஒருமுறை 'டப்' என்று வெடித்து நின்றுவிடும். சூட்சுமம் முழுதும் இங்கேதான். பலர் அதைத் தோல்வி என்று கருதி மேலும் மேலும் இழுப்பர். அப்பாவோ, "இருமிடுச்சுப்பா, இனி மூச்சு விட விடு" என்பார். ஆவி சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமே அந்த இருமல். உடனே சோக்கைப் பாதி நிலைக்குக் கொண்டுவந்து இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை ஒருமுறை தட்டினால் மெதுவான ஓட்டத்துக்கு வந்துவிடும்.

இருமலைக் கேளாமல் இழுத்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும்; பொறி பறக்காது. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்தபடி சில முறை இழுத்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றினால் போதும். இதை அறியாமல், பழுதே இல்லாத மெஷினை மெக்கானிக்கிடம் தூக்கிச் சென்று அன்றைய கூலியை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சோக்கை விட்டதும் ஒவ்வொரு முறையும் நின்றுபோகும் மெஷின் வேறு வகை. வடிகட்டியோ பெட்ரோல் துளையோ அடைத்திருக்கலாம். அதைச் சோக்கிலேயே வைத்து ஓட்டக் கூடாது. இந்த எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் தேயும். அன்றைக்குத்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.