கதை நடந்த ஊர் எங்கே?

திருத்தணி மலைப் படிகளில் ஏறி நின்று தென்கிழக்கே நோக்குங்கள். அத்திசையில், நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் தக்கோலம் இருக்கின்றது. கி.பி. 949-இல் சோழ இளவரசர் இராஜாதித்தர், யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்த போர்க்களம் அது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலும் இச்செய்தி பேசப்படுகின்றது. ஆயினும், அந்நாவல் தங்கள் ஊருக்கு இத்துணை அருகில் வந்து செல்கின்றது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்நாவல் இரு பாகங்கள் கொண்ட திரைப்படமாக வெளிவந்தது. “படம்தான் பார்த்துவிட்டோமே, இனி நூல் எதற்கு?” என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. வகுப்பறையிலோ, நாவல் என்பது பெரும்பாலும் தேர்வுக்குரிய கதைச் சுருக்கமாகக் குறுகிவிடுகின்றது. சுருக்கத்தை மனப்பாடம் செய்த மாணவன் மதிப்பெண் பெறக்கூடும். ஆனால், ஒரு வாக்கியத்தின் முன் நின்று சிந்திக்கும் பழக்கத்தைப் பெறமாட்டான். அப்பழக்கத்தை மீட்டுத் தரவல்ல கருவி ஒன்று இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றது. அதுவே கணினி வரைபடம்.

வரைபடமும் நாவலும்

‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ 2004-இலும், ‘கூகுள் எர்த்’ 2005-இலும், நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ‘புவன்’ 2009-இலும் தோன்றின. இத்தகைய வரைபடங்களில் ஊர்களைக் குறிக்கவும், குறிப்பு எழுதவும், பயண வழியைக் கோடாக வரையவும் வசதிகள் உண்டு. இலக்கிய அறிஞர் பிராங்கோ மொரெட்டி, ஐரோப்பிய நாவல்களுக்கென ஒரு வரைபட நூலையே இயற்றினார். 1998-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜேன் ஆஸ்டின் நாவல்களின் கதை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அவர் இங்கிலாந்தின் வரைபடத்தில் குறித்துக் காட்டினார். விவிலியத்தின் இறுதியில் உள்ள புனித பவுலடியாரின் பயண வரைபடத்தை விரலால் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று.

வகுப்பில் செய்யத்தக்கது

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இப்பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது. காஞ்சியிலிருந்து ஓலை கொண்டு புறப்படும் வந்தியத்தேவனின் பயணமே கதையை நடத்திச் செல்கின்றது. ஆசிரியர் விதிக்க வேண்டிய நிபந்தனை ஒன்றே: நூலிலிருந்து ஒரு வாக்கியத்தைச் சான்றாகக் காட்டாமல், வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைக்கலாகாது.

எடுத்துக்காட்டாக, வந்தியத்தேவன் தங்கும் கடம்பூரைக் குறிக்க வேண்டும் என்று கொள்வோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடம்பூர் உண்டு. ஈரோடு மாவட்ட மலைப்பகுதியில் மற்றொன்று உண்டு. எது கதையின் கடம்பூர்? கணினி விடை சொல்லாது. மாணவன் மீண்டும் நூலைத்தான் திறக்க வேண்டும். வீரநாராயண ஏரிக்கரையைக் கடந்து அவன் சென்றான் என்று படித்தபின், காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள மேலக்கடம்பூரை நோக்கி அவன் விரல் நகரும். அந்த ஏரியே இன்றைய வீராணம் என்பதையும், 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருவதும் அதுவே என்பதையும் அவன் அப்போது அறிந்துகொள்வான்.

அடுத்துப் பழையாறை. நாவலில் மாளிகைகள் நிறைந்த நகரம். விண்கோள் படத்தில் கும்பகோணத்தை அடுத்த வயல்வெளிச் சிற்றூர். “அரண்மனைகள் எங்கே போயின?” என்று மாணவி ஒருத்தி கேட்பாளாயின், அன்றைய வரலாற்றுப் பாடம் தானே தொடங்கிவிடும். பின்னர்க் கோடிக்கரை. அங்கிருந்து இலங்கைக் கரை வரை கோடு வரைந்து அளந்தால், ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் என்று தெரியும். அத்தனை தூரம் துடுப்பு வலித்துச் சென்ற பூங்குழலியின் துணிவு அப்போதுதான் விளங்கும்.

எச்சரிக்கையும் தேவை

விண்கோள் படம் இன்றைய நிலத்தையே காட்டுகின்றது. ஆயிரம் ஆண்டுகளில் ஆறுகள் திசை மாறியிருக்கலாம். நந்தினியின் உள்ளத்தில் எரியும் நெருப்பை எந்த வரைபடத்திலும் குறிக்க இயலாது. அதை ஆசிரியர்தாம் உரையாடலால் உணர்த்த வேண்டும். தங்கள் இல்லம் இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் பொதுவெளியில் பதிவிடாதவாறும் காத்தல் வேண்டும். பள்ளியில் கணினி ஒன்றே இருந்தால், மாணவர் முதலில் தாளில் வரைந்து, பிறகு அதில் ஏற்றலாம்.

வரைபடத்துக் கோடுகள் மாறக்கூடியவை என்பதை நம் திருத்தணி மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கோடு நகர்ந்தது, தமிழும் தெலுங்கும் பேசும் மக்களோ அதே தெருக்களில் வாழ்ந்தனர். எல்லையோரத்தில் வளரும் பிள்ளை, தன் ஊருக்கு அருகில் தக்கோலத்தைத் தானே குறிக்கும்போது, சோழநாட்டுக் கதை எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது.

பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளையின் அருகில் அமருங்கள். நாவலின் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, “இந்த ஊர் எங்கே இருக்கின்றது, காட்டு பார்க்கலாம்” என்று கேளுங்கள். உங்கள் கைப்பேசி அன்று ஒரு நல்ல பணிக்குப் பயன்பட்டிருக்கும்.