கம்பளியை அறிந்து வாங்குவோம்

தென்னாட்டில் பிறந்து வளர்ந்த நாம் டில்லிக் குளிரைக் கண்ட பின்னரே கம்பளியின் அருமையை உணர்கிறோம். கடைக்காரர் சொல்லை நம்பிப் பொருள் இழந்தவர்களும் நம்மில் பலர்.

கம்பளி குளிரைத் தடுப்பது எங்ஙனம்? அதன் இழை சுருள் சுருளானது. சுருள்களிடையே தங்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது.

இழையின் பருமனே மென்மையை நிர்ணயிக்கிறது. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் வளரும் வெள்ளாடுகளின் அடிமயிராகிய பஷ்மினா 12 முதல் 16 மைக்ரான் பருமனே உடையது. மெரினோ செம்மறியின் ரோமம் பெரும்பாலும் 24 மைக்ரானுக்கு உட்பட்டது. ஆதலால் உடலை அவ்வளவாக உறுத்தாது. ராஜஸ்தானத்துச் செம்மறிகள் பலவற்றின் ரோமம் 30 மைக்ரானுக்கு மேற்பட்டது. முரடாயினும் உறுதியானது, தரைக் கம்பளங்களுக்கு ஏற்றது.

ஐயம் எழுந்தால், துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் நாற்றத்துடன் மெல்ல எரிந்து, விரலிடையே பொடியாகும் கரியைத் தந்தால் அது விலங்கு ரோமம். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. ஆனால் பஷ்மினாவையும் செம்மறி ரோமத்தையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது.

வாங்கியதைப் பேணுவதும் அவசியம். கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று சிக்கித் துணி சுருங்கிவிடும். நம் வீட்டுக் குழந்தையின் சட்டை ஒன்று அவ்வாறே பொம்மைச் சட்டையாயிற்று, சுருங்கியது மீளவில்லை. ஆகவே குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் பரப்பி உலர்த்துவோம்.

அறிந்து வாங்கி, முறையாகப் பேணினால், ஒரு சால்வை பல குளிர்காலங்களுக்குத் துணையாகும்.