'கரண்ட்' வைத்த வயிற்றுக்கு எதற்கு இத்தனை பத்தியம்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்கள் பலர், யாரிடமும் சொல்லாமல் ஓர் அவதியைச் சுமக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வெளிக்கு முடுக்குகிறது. அடக்க முடிவதில்லை, சேலையிலேயே ஆகிவிடுவதும் உண்டு.

குடலின் உள்தோல் சில நாட்களுக்கொரு முறை புதிதாக வளர்வது. அந்த வளர்ச்சியைத்தான் கதிர் கெடுக்கிறது. சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கும் பேதி, பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் வரும்.

உடனே வீட்டில் பத்தியம் ஆரம்பமாகிறது. பருப்பு ஆகாது, முட்டை சூடு, மீன் கூடவே கூடாது. மாதக்கணக்கில் ரசஞ்சோறும் கஞ்சியும். ரவிக்கை தொளதொளத்துப்போன பிறகும் பத்தியம் தளர்வதில்லை. என் கவலையெல்லாம் இதுதான். புண்பட்ட குடல் ஆறப் புரதம் வேண்டும். அவித்த முட்டை, காரம் குறைத்த மீன் குழம்பு, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு தாராளமாகக் கொடுக்கலாம்.

சந்தேகப்பட வேண்டியது காலையில் குடிக்கும் பால் காபியை. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, அடிபட்ட குடலில் குறைந்துபோயிருக்கும். ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள்; மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வடை, பஜ்ஜி சாப்பிட்ட அன்று தண்ணீராகப் போனால், பித்தநீரைக் குடல் திரும்ப உறிஞ்சாதது காரணமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்தே இருக்கிறது. கீரைத்தண்டு, கொய்யா, முழுப்பயறு ஆகியவற்றைப் பேதி கடுமையாக இருக்கும்வரை ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். நார்ச்சத்தைக் குறைக்கவே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

இன்னொரு கொடுமை பஸ் பயணம். செக்கப்புக்குப் புறப்படும் நாளில், வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்தில், முந்தின இரவிலிருந்தே சோறும் தண்ணீரும் தொடாமல் வருகிறார்கள். பேதியில் உப்பும் நீரும் இழந்த உடம்பு இதைத் தாங்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். பேதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைப் பயணத்துக்கு முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, வயிறு உப்பி வாந்தி வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. மற்றபடி, மருத்துவர் கேட்கட்டும் என்று இருக்காமல் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, இரவில் எழ வேண்டியிருக்கிறதா, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.