கணினியோடு கணினி – 9: கொம்பும் காலும்

போன வாரம் சம்பாவை நிறுவி, விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து லினக்ஸ் கணினிக்குக் கோப்புகளை அனுப்பிப் பார்த்தோம். வழி திறந்துவிட்டது. வழி திறந்த பிறகு தமிழுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை இந்த வாரம் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியின் எடிசனில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு, ஆசிரியைகள் பாட்டும் கதையும் படித்துப் பதிவு செய்து தருகிறார்கள். ஒருவரிடம் பழைய மேக் இருக்கிறது, மற்றவர்களிடம் விண்டோஸ். பதிவுகள் சேருமிடம் என் வீட்டுப் பேஸ்மென்ட்டில் ஓடும் லினக்ஸ் கணினி. விண்டோஸ்காரர்கள் சம்பா வழியே போடுவார்கள். மேக்கில் இருப்பதை நான் எழுதிய ஸ்கிரிப்ட் இரவில் ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருள் வழியே எடுத்து வரும். இந்த இரண்டு மென்பொருளுக்கும் மூலவர் ஒருவரே: ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991-ன் இறுதியில் சம்பாவைத் தொடங்கினார். 1996-ல் பால் மெக்கரஸுடன் சேர்ந்து ஆர்சிங்க்கை வெளியிட்டார்.

ஒரு சனிக்கிழமை ஃபோல்டரைத் திறந்தால் ‘கோலம்’ இரண்டு, ‘கொக்கு’ இரண்டு, ‘தோட்டம்’ இரண்டு. ‘அப்பா’, ‘மழை’, ‘பாட்டு’ எல்லாம் ஒவ்வொன்றே. ஒரு ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாது. பெயரின் கடைசியில் இடைவெளி ஒட்டியிருக்கிறதா, அனுமதிகள் சரியா என்று தேடியதிலேயே ஒரு மாலை போயிற்று.

மதுரைப் பக்கம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டில் இருக்கும் டீச்சர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வருகிறார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, ரெட்டையா நிக்கிறதெல்லாம் பாருங்க. கொம்பும் காலும் சேர்ந்து வர்ற எழுத்தா இருக்கு.”

அதேதான். ஒவ்வொரு பெயரையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ‘கோலம்’ 15 பைட், மற்றொன்று 18 பைட். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், இரட்டைக் கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். ஒகரமும் ஔகாரமும் இப்படியே. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் லினக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. 15 வேறு, 18 வேறு.

விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் ஒற்றைக் குறியீடாக வரும். மேக்கில் 1998 முதல் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, நாம் எப்படிக் கொடுத்தாலும் பெயரைப் பிரித்தே சேமிக்கும். 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. எங்கள் மேக் அதற்கு முந்தையது. ஆசிரியைகள் தங்களுக்குள் பதிவுகளைப் பென் டிரைவில் கொடுத்து வாங்கியிருந்ததால், ஒரே கோப்பு இரு வழியாகவும் வந்து இரண்டாக நின்றது. இதை எதிர்பார்த்து எழுதாதது என் ஸ்கிரிப்ட்டின் குறை.

ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் என்ற கணக்கு யுடிஎஃப்-8 முறையில் வருவது. அந்த முறை பிறந்ததும் எங்கள் மாநிலத்தில்தான். மர்ரே ஹில்லில் பெல் ஆய்வகத்தில் இருந்த கென் தாம்ப்சன், 1992-ல் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் அதை வரைந்தார். ராப் பைக் கூட இருந்தார். எடிசனிலிருந்து மர்ரே ஹில் காரில் அரை மணி நேரத் தூரம். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரும். மூன்று பைட் கணக்குக்கு இன்னொரு விளைவும் உண்டு: லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் தமிழில் 85 குறியீடுதான். பெயரில் முழு வாக்கியத்தையும் எழுதினால் கோப்பு போய்ச் சேராது.

இனி தீர்வு. முதலில் இரட்டைகளின் உள்ளடக்கம் ஒன்றுதானா என்று எம்டி5 கூட்டெண் எடுத்து ஒப்பிட்டேன். ஒன்றாக இருந்தவற்றில் ஒரு பிரதியை நீக்கினேன். பிறகு கான்வ்எம்வி என்ற கருவியால் பிரிந்த பெயர்களைச் சேர்த்தேன். அந்தக் கருவி முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்டும். நாம் உறுதி சொன்னால்தான் பெயரை மாற்றும். அந்தக் காட்சியைப் பொறுமையாகப் படியுங்கள். இனிமேல் வருபவற்றுக்கு, ஆர்சிங்க் கட்டளையில் மேக்கின் எழுத்து முறை இன்னது என்று சொல்லும் ‘ஐகான்வ்’ விருப்பத்தைச் சேர்த்தேன். இரு முனையிலும் ஆர்சிங்க் 3 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய மேக்கோடு வரும் பதிப்பில் இந்த வசதி கிடையாது.

எல்லாம் முடிந்தும் ஒரு ஜோடி மிஞ்சியது: ‘ஔவையார்’. ஒன்றில் ‘ஔ’ சரியாக இருந்தது. மற்றொன்றில் யாரோ ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருந்தார்கள். யூனிகோடுக்கு இவை சமமல்ல. எந்தக் கருவியும் சேர்த்து வைக்காது. டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ‘ள’வை அழித்து, அந்தப் பெயரைத் தானே மறுபடி அடித்தார்.